மழை வளர்த்த மலைநாடு

ஆடித் திங்களில் எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் ஒரு வியப்பினைக் காணலாம். வானம் வெளுத்துக் கிடக்கும். கேழ்வரகும் சாமையும் விதைக்கக் கருதிய உழவர் மேகத்தை எதிர்நோக்கி நிற்பர். கிணறுகளில் நீர் அடிமட்டத்தில் தேங்கி நிற்கும். ஆயினும் எங்கள் பென்னாகரம் வட்டத்திலேயே உள்ள ஒகேனக்கல்லில் காவிரி கரைபுரண்டு ஓடும். பரிசல்கள் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கப்பெறும். அருவிகள் தனித்தனியே தோன்றாமல் ஒரே செந்நீர்ப் பரப்பாய்க் காட்சி தரும். "ஐயா, இங்கே ஒரு தூறலும் இல்லையே! இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?" என்று மாணவர் என்னை வினவியதுண்டு.

அவ்வினாவிற்கு விடை மேற்கே உள்ளது. அந்நீரில் ஒரு பகுதி குடகு மலையிற் பெய்தது. மற்றொரு பகுதி கேரளத்தைச் சேர்ந்த வயநாட்டு மலைக்காடுகளிற் பெய்தது. வயநாட்டில் தோன்றும் கபினி என்னும் ஆறு கருநாடகத்துள் புகுந்து, திருமுக்கூடல் நரசிபுரத்தில் காவிரியொடு கலக்கின்றது. அவ்வாறு கூடிய நீரே நம் மாவட்ட எல்லையை அடைந்து ஒகேனக்கல்லில் வீழ்கின்றது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் கெட்டு வருந்திய எங்கள் ஊர்களுக்கு, இன்று கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே வந்து உதவுவதும் அந்நீரே. நாம் கண்ணாற் காணாத ஒரு காட்டின் மழையை நாள்தோறும் பருகி வருகின்றோம். அக்காட்டை உடைய நாட்டின் இயல்பினை அறிந்துகொள்ளுதல் நமது கடன் அன்றோ?

நிலத்தின் அமைப்பு

கேரளம் இந்தியாவின் தென்மேற்குக் கோடியில் நீண்டு கிடக்கும் சிறிய மாநிலம். அதன் மேற்கெல்லை அரபிக்கடல். கிழக்கெல்லை வான்தோயும் மேற்குத் தொடர்ச்சி மலை. கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 590 கிலோமீட்டர். அகலமோ, மிகுந்த இடத்திலும் 120 கிலோமீட்டர் அளவினதே. மாநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 39,000 சதுர கிலோமீட்டர். இந்தியப் பெருநாட்டின் பரப்பில் இது நூற்றில் ஒரு பங்கினும் சிறிதே மிகுதியாகும். இச்சிறு பரப்பில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 3 கோடியே 34 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 860 பேர் என்க.

கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோமாயின் இந்நாடு மூன்று படிகளாக இறங்குவதைக் காணலாம். முதற்படி மலைநாடு. தேயிலையும் ஏலமும் காப்பியும் விளையும் உயர்நிலம் இது. இமயத்திற்குத் தெற்கே உள்ள சிகரங்களுள் உயர்ந்ததாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில் இங்கே நிமிர்ந்து நிற்கின்றது. இரண்டாம் படி இடைநாடு. சிறு குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் விரவிய இப்பகுதியில் ரப்பரும் மிளகும் பாக்கும் வாழையும் செழிக்கும். மூன்றாம் படி கடற்கரை நாடு. தென்னஞ்சோலையும் நெல்வயலும் உப்பங்கழியும் நிறைந்த தாழ்நிலம் அது.

இம்மலைத்தொடரில் பெரியதொரு வாயில் உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வாயில் வழியாகப் பண்டு வணிகச் சாத்துகள் கொங்கு நாட்டிற்கும் சேர நாட்டிற்கும் இடையே சென்று வந்தன. இன்று இருப்புப் பாதையும் நெடுஞ்சாலையும் அவ்வழியே செல்கின்றன. கோயம்புத்தூர்ப் பக்கத்தார் ஆடிமாதத்தில் நுகரும் குளிர்ந்த காற்றும் அவ்வாயில் வழியே வருவதே.

மழையும் காடும்

ஞாயிற்றின் வெப்பத்தால் கோடையில் நிலம் காயும். அப்பொழுது கடலின்மேல் நிற்கும் ஈரக்காற்று நிலத்தை நோக்கி விரைந்து வீசும். இதனையே தென்மேற்குப் பருவக்காற்று என்கிறோம். சூன் மாதத் தொடக்கத்தில் இது கேரளக் கரையைத் தொடும். மலையாளத்தார் தம் இடவ மாதத்தின் பாதியில் தொடங்கும் மழையாதலின் இதனை இடவப்பாதி என்பர். கரையைக் கடந்த காற்று மலைச்சுவரில் மோதி மேலே எழும், எழுந்தோறும் குளிரும், குளிர்ந்தோறும் தன்பால் உள்ள நீரைப் பொழியும். மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது ஈரத்தைப் பெரிதும் இழந்து வறண்டிருக்கும். ஆதலின் கிழக்குப் பக்கத்தை மழைமறைவு நிலம் என நிலநூலார் கூறுவர்.

இவ்வேற்றுமையின் அளவை எண்ணிப் பார்மின். கேரளத்தில் ஆண்டொன்றிற்குச் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. நம் தருமபுரி மாவட்டத்தில் பெய்வது 1,000 மில்லிமீட்டரினும் குறைவே. ஒரே மலைத்தொடர் தன் மேற்கு முகத்தில் பசுங்காட்டையும், கிழக்கு முகத்தில் புளியும் மாவும் கேழ்வரகும் விளையும் புன்செய்யையும் தாங்கி நிற்கின்றது. ஐப்பசியில் வடகிழக்குக் காற்றால் மற்றொரு மழையும் அந்நாட்டிற்குக் கிடைக்கின்றது. துலா மாதத்தில் பெய்வதால் அதனைத் துலாவர்ஷம் என்று அவர்கள் வழங்குவர்.

இத்தகைய மழையில் வளர்வதே மழைக்காடு. இலையுதிர் காலம் என்பதொன்று இல்லாமல் என்றும் பசுமை மாறாது நிற்றல் அதன் இயல்பு. வானளாவிய மரங்கள் மேலே கூரைபோல் கவிந்திருக்கும். அவற்றின் கீழ் நடுத்தர மரங்கள். அவற்றின் கீழ்ச் செடியும் கொடியும். அடியில் உதிர்ந்த சருகும் மட்கும் பஞ்சு மெத்தைபோல் பரந்திருக்கும். பெய்யும் மழை முதலில் இலைகளில் தங்கித் தணிந்து, பின் அம்மெத்தையில் ஊறி, வேர்களின் வழியே மண்ணுள் இறங்கும். அங்ஙனம் இறங்கிய நீர், மழை நின்ற பின்னரும் பல மாதங்கள் சிற்றூற்றாய்க் கசிந்து ஆற்றை வளர்க்கும். கோடையிலும் மலையாறு வற்றாமல் இருப்பதன் மறைபொருள் இதுவே. காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டுமன்று. நீரைச் சேமித்து வைத்துச் சிறுகச் சிறுகச் செலவிடும் கருவூலமும் ஆகும்.

மலையின் உச்சிப் பகுதியில் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடுகளும் உண்டு. வரையாடு மேய்வதும், சிங்கவால் குரங்கு கிளைதாவுவதும் இம்மலைகளிலேதான். மிளகுக் கொடியும் ஏலச்செடியும் தாமாகவே முளைத்தெழுந்த தாயகமும் இக்காடே. இவற்றின் அருமை நோக்கி ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பாகிய யுனெஸ்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளை 2012-இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆறும் காயலும்

கேரளத்தில் 44 ஆறுகள் உள்ளன. அவற்றுள் 41 மேற்கு நோக்கி ஓடிக் கடலைச் சேர்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கி வருகின்றன. இம்மூன்றின் நீரும் இறுதியில் காவிரியையே அடைகின்றது என்பது நாம் மறவாது நினைக்கத்தக்கது. மலைக்கும் கடலுக்கும் இடையே தொலைவு சிறிதாகலின் மேற்கு நோக்கிய ஆறுகள் குறுகியனவாயும் விரைந்து ஓடுவனவாயும் உள்ளன. அவற்றுள் நீண்டதாகிய பெரியாற்றின் நீளமும் 244 கிலோமீட்டரே. அவ்விரைவே மின்னாற்றலுக்கு உறுதுணை. குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கிடையே பெரியாற்றின் குறுக்கே வில்போல் வளைத்துக் கட்டப்பெற்ற இடுக்கி அணை, அந்நாட்டின் மின்விளக்குகளுக்கு ஒளி தருகின்றது.

ஆறுகள் கொணரும் மண்ணும், கடலலைகள் ஒதுக்கும் மணலும் கூடிக் கரையோரத்தில் நீண்ட நீர்நிலைகளை உண்டாக்கியுள்ளன. இவற்றைக் காயல் என்பர். வேம்பநாட்டுக் காயல் அவற்றுள் மிகப் பெரியது. அதனைச் சார்ந்த குட்டநாட்டில் உழவர், கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தில் வரம்பு கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கின்றனர். நாம் கிணற்றிலிருந்து நீரை வயலுக்கு இறைக்கின்றோம். அவர்கள் வயலிலிருந்து நீரை வெளியே இறைக்கின்றனர்! நீரின்மை நமக்கு இடர். நீர்மிகுதி அவர்களுக்கு இடர். எனினும் முயற்சி ஒன்றே இருவரையும் வாழ்விக்கின்றது.

பழம்பெருமை

இந்நாடே பண்டைச் சேரநாடு. சேரர் நமக்கு அயலார் அல்லர். தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதும், அதனை அதியமான் மரபினர் ஆண்டனர் என்பதும் நீங்கள் அறிந்தனவே. சேர மன்னனாகிய பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றதால் 'தகடூர் எறிந்த' என்னும் அடைமொழி பெற்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவன்மேல் அரிசில்கிழார் பாடியது. சேரர் புகழைப் பாடும் அந்நூலும், சேரர் குடியிற் பிறந்தவர் என்று கூறப்பெறும் இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரமும் தமிழின் உடைமைகள். அந்நாளில் மலையின் இருபுறத்தும் வழங்கிய மொழி ஒன்றே. காலப்போக்கில் மேற்குக் கரையின் வழக்கு தனித்து வளர்ந்து மலையாள மொழியாயிற்று. இன்றும் சில சொற்களில் உறவும் வேற்றுமையும் ஒருங்கே தோன்றும். பெருகிவரும் நீரை நாம் வெள்ளம் என்போம். அவர்கள் குவளையில் உள்ள குடிநீரையும் வெள்ளம் என்றே சொல்லுவர்.

மழையைக் கொணர்ந்த காற்றே மரக்கலங்களையும் கொணர்ந்தது. கோடைக்காலத்தில் எகிப்து நாட்டுத் துறைகளிலிருந்து புறப்பட்ட யவனர் கலங்கள், பருவக்காற்றைப் பாயில் ஏற்று அரபிக்கடலைக் கடந்து முசிறியை அடைந்தன. காற்றுத் திசைமாறும் மார்கழி, தைத் திங்களில் திரும்பின. பொன்னோடு வந்து மிளகோடு மீண்டன என்று சங்க நூல்கள் குறிக்கின்றன. முசிறி வணிகத்தைப் பற்றிய கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் கடன் முறி ஒன்று, பாப்பிரசுத் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது, வியன்னா நகரில் இன்றும் பாதுகாக்கப்பெறுகின்றது. கொடுங்கல்லூர்க்கு அருகே உள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில், உரோமானியர் மதுவும் எண்ணெயும் கொணர்ந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் பல கிடைத்தன. பழைய முசிறி அதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். காட்டில் விளைந்த ஒரு சிறு கொடியின் காய், கடல்கடந்த பேரரசின் பொன்னையெல்லாம் ஈர்த்தது எனின், இயற்கை அளித்த செல்வத்தின் பெருமையை என்னென்பது!

அம்மிளகே பின்னாளில் துன்பத்தையும் அழைத்து வந்தது. கி. பி. 1498-இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டை அடைந்தார். அவர் காட்டிய வழியே போர்த்துக்கேசியரும், பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்து துறைமுகங்களைக் கைப்பற்றப் போரிட்டனர். கோழிக்கோட்டு மன்னர்க்குத் துணைநின்ற குஞ்ஞாலி மரைக்காயர்கள் கடற்போரில் போர்த்துக்கேசியரை நெடுநாள் எதிர்த்தனர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தரை வென்றார். எனினும் இறுதியில் ஆங்கிலேயர் ஆதிக்கமே நிலைபெற்றது. நாடு விடுதலை பெற்றபின், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியும், சென்னை மாகாணத்தில் இருந்த மலபார் மாவட்டமும், காசர்கோடும் இணைந்து 1956 நவம்பர் 1-ஆம் நாள் இன்றைய கேரளம் உருவாயிற்று. கன்னியாகுமரிப் பகுதி அந்நாளிலேயே தமிழகத்தோடு சேர்ந்தது.

கல்வியும் எழுச்சியும்

இயற்கை இத்துணை வளம் வழங்கியும், மனிதர் மனிதர்க்கு இழைத்த கொடுமை அந்நாட்டில் மிகுந்திருந்தது. சாதியின் பெயரால் மக்கள் பலர் கோயிலினுள் மட்டுமன்றிக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும் நடத்தல் ஆகாது எனத் தடுக்கப்பெற்றனர். அக்கொடுமையை நீக்க நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவி, எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் நெறியைப் புகட்டினார். அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவம் திறக்கப் போராடினார். 1924-இல் வைக்கத்தில் நிகழ்ந்த அறப்போரில் நம் ஈ. வெ. ரா. பெரியார் கலந்துகொண்டு சிறை சென்றார். 1936-இல் திருவிதாங்கூர் அரசு கோயில் நுழைவு ஆணையைப் பிறப்பித்தது.

கல்வியே இவ்வெழுச்சியின் வேர். 1817-ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதிபாய், கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். சமய நிறுவனங்களும் சீர்திருத்த இயக்கங்களும் ஊர்தோறும் பள்ளிகள் கண்டன. அதன் பயனாக 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 94 ஆயினர். இந்திய மாநிலங்களுள் அதுவே முதலிடம். 1970-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால் குத்தகையாளர் பலர் தாம் உழுத நிலத்திற்கு உரிமையாளர் ஆயினர்.

பொருள்வளம்

கேரளத்தின் பொருள்வளம் பெரிதும் பணப்பயிர்களைச் சார்ந்தது. ரப்பர் விளைவில் அது இந்தியாவில் முதல்நிலை வகிக்கின்றது. இடுக்கியில் ஏலமும், வயநாட்டில் காப்பியும், மூணாற்றில் தேயிலையும் விளைகின்றன. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பலர், தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழரே. ஆலப்புழையில் தென்னை நாரினால் கயிறும் பாயும் திரிக்கின்றனர். கொல்லத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் தொழிலில் பெண்டிர் பெருந்தொகையினர் ஈடுபட்டுள்ளனர். மீன்பிடித் தொழில் கடற்கரை மக்களின் உயிர்நாடி. மழைக்காலத்தில் சில இடங்களில் கடலடிச் சேறு கலங்கி அலையடங்கும். அப்போது அங்கே மீன்கள் திரளும். அதனைச் சாகர என்று கூறி வரவேற்பர். கொச்சித் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் புகழ்வாய்ந்தன. இந்தியாவிலேயே கட்டப்பெற்ற முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய விக்ராந்து அங்கு உருவாகி, 2022-இல் கடற்படையிற் சேர்ந்தது.

பணப்பயிர் பெருகப் பெருக நெல்வயல் சுருங்கிற்று. ஆதலின் அம்மக்கள் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி வெளியிலிருந்தே செல்லல் வேண்டும். தமிழகத்துக் காய்கறியும் முட்டையும் கணவாய் வழியே நாள்தோறும் மலை கடக்கின்றன. மற்றொருபுறம், 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே வந்து தேனி, மதுரைப் பகுதி வயல்களை வளப்படுத்துகின்றது. நீர் இங்கே வருகின்றது. உணவு அங்கே செல்கின்றது.

படித்தோர் மிகுதி, தொழிற்சாலைகளோ குறைவு. ஆதலின் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் அரபு நாடுகளுக்குச் சென்று உழைத்தனர். அவர்கள் அனுப்பும் பணம் ஊர்தோறும் புதிய வீடுகளாகவும் பள்ளிகளாகவும் விளங்குகின்றது. முன்னாளில் கடல்கடந்து சென்றது மிளகு. இந்நாளில் செல்வது மக்களின் உழைப்பு.

காடு குன்றினால்

இவ்வளவு வளத்திற்கும் அடிப்படை மலைமேல் உள்ள காடே. ஆங்கிலேயர் காலந்தொட்டுத் தோட்டப் பயிருக்காகக் காடுகள் பெரிதும் அழிக்கப்பெற்றன. பின்னர்க் குடியேற்றமும் கல்லுடைப்பும் சாலையும் கட்டடமும் சரிவுகளில் ஏறின. வேர்கள் பற்றிய மண் உறுதியாய் நிற்கும்; வேரற்ற சரிவு பெருமழையில் நெகிழும்.

இதனை முன்னரே உணர்ந்தோர் உண்டு. பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழை என்னும் ஆறு பாயும் அமைதிப் பள்ளத்தாக்கில், மின்னாற்றலுக்காக அணை கட்டத் திட்டமிட்டனர். அணை எழுந்தால் அரியதொரு மழைக்காடு நீரில் மூழ்கிவிடும் என்று ஆசிரியரும் அறிவியலாரும் கவிஞரும் மாணவரும் குரல் எழுப்பினர். பல்லாண்டு நடந்த வாதத்திற்குப் பின் அத்திட்டம் கைவிடப்பெற்றது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 2011-இல் மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த அறிஞர் குழு, மலைத்தொடர் முழுவதையும் காக்கும் வழிகளை எடுத்துரைத்தது. ஆயினும் மலைமேல் வாழும் உழவர், தம் நிலமும் பிழைப்பும் பறிபோகுமோ என அஞ்சி அதனை எதிர்த்தனர். அவர் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. காட்டைக் காக்கும் முறை, காட்டருகே வாழ்வாரையும் காப்பதாக அமைதல் வேண்டும்.

2018 ஆகத்தில் பெய்த பெருமழையில் கேரளம் முழுவதும் வெள்ளக்காடாயிற்று; நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது கடற்கரை மீனவர் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி உள்நாட்டுக்குச் சென்று, வீட்டுக் கூரைகளில் தவித்த ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். 2024 சூலை 30-ஆம் நாள் விடியுமுன் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் மண்சரிவிற் புதைந்தன. இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருமழையும் செங்குத்தான சரிவும் இயற்கையின் செயல்கள். அவற்றைத் தாங்கும் வலிமையைக் குறைத்துவிடாமல் காப்பது மனிதர் கடமை.

மாணவர்களே! வயநாட்டுக் காடு குன்றினால் அம்மலைவாழ் மக்களுக்கு மட்டும் துன்பம் என்று எண்ணற்க. மழைக்காலத்தில் ஒருங்கே பெருகி, கோடையில் ஒருங்கே வற்றும் ஆறு ஒகேனக்கல்லுக்கும் வரும். மாநில எல்லைகளை நாம் வகுத்துள்ளோம். மேகமும் ஆறும் அவ்வெல்லைகளை அறியா. நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் குழாயில் ஒகேனக்கல் நீரை ஒரு குவளையில் ஏந்துங்கால், கேரள மக்கள் அதனையும் வெள்ளம் என்றே சொல்லுவர் என்பதை நினைவுகூர்மின். என்றோ அக்காட்டின் இலையொன்றில் தங்கி, சருகில் ஊறி, வேரில் இறங்கிய மழைத்துளியும் அதில் கலந்திருக்கும். மலை நமக்கு மழையை மறைத்ததாயினும் நீரை மறுக்கவில்லை. அந்நன்றியை மறவாது, மேற்கு மலையில் உள்ள ஒவ்வொரு மரமும் நம் ஊர்ப் பொதுக்கிணற்றின் கரைமேல் நிற்கும் மரமே எனக் கருதிப் போற்றுவோமாக.